நடன அறையின் வடக்குச் சுவர்

அருங்காட்சியகத்தில் என் வேலை, ஒரு கதிரையில் இருந்துகொண்டு "தொடாதீர்கள்" என்று சொல்வது. பதினொரு வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோர்வே முழுவதிலுமிருந்து பழைய மரவீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தி வைத்திருக்கிற இடம் அது. உள்ளே வருகிறவர்களுக்குக் கண்ணால் பார்த்தால் போதாது, விரலாலும் பார்க்க வேண்டும். நான் எழும்பிப் போனதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள். இந்தக் காவலில் எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பேன். வீட்டுக்காரர் சுகம் விசாரித்துக்கொண்டிருக்க, நான் அவருடைய தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன்.

அதனால்தான் அந்த ஓவியம் என் கண்ணில் பட்டது. வேறு யார் கண்ணிலாவது பட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

நகரின் கிழக்கே குரோருட் பக்கம் அடுக்குமாடிகள் வருவதற்கு முன் பண்ணைகள்தான் இருந்தன. இடிபடாமல் தப்பிய ஒரு பண்ணைவீட்டை நகரசபை எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தது. சனிக்கிழமைகளில் கீழே தமிழ் வகுப்பு, மேலே நடன வகுப்பு. மேலே பிள்ளைகள் தட்டடவு மிதித்தால் கீழே கொப்பி எழுதுகிற பிள்ளைகளின் தலையில் தூசி கொட்டும். யாரும் குறை சொல்லவில்லை. அதற்கு முன் வருடக்கணக்கில் ஒரு பாடசாலையின் நிலவறையில் இருந்தவர்கள் நாங்கள். யன்னல் உள்ள இடம் கிடைத்ததே எங்களுக்குப் பெரிய காரியம்.

நடன அறையின் வடக்குச் சுவரை யாரோ ஒரு காலத்தில் அட்டைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். ஈரம் ஏறி அது வயிறு வைத்திருந்தது. மாசி மாதத்தில் ஒருநாள், பிள்ளைகள் பார்த்து ஆடுவதற்கென்று வாங்கிய கண்ணாடியை எங்கே மாட்டலாம் என்று நான் அதைத் தட்டிப் பார்க்க, ஒரு மூலை கழன்று கையோடு வந்தது. பின்னால் அடுக்கு மரச் சுவர். அதில் நீல நிறத்தில் ஒரு திரைச்சீலை வரைந்திருந்தது, குஞ்சங்களோடு. திரைக்குக் கீழே குதிரையில் ஒருவன். குதிரைக்கு நாய் முகம். அவனுடைய கை அவனுடைய தலையைவிடப் பெரிது, அந்தக் கையில் ஒரு கிண்ணம். பக்கத்தில் ஒரு பெண். ஒரு கண்ணால் அவனையும் மறு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிலத்தில் இருந்துவிட்டேன். இதைவிட மங்கிய ஒரு சுவருக்குத்தான் அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி என்னைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே அதன்மேல் சலங்கைப் பைகள் சாய்ந்து கிடந்தன.

என் கணவரைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். போன் வெளிச்சத்தில் அந்தப் பெண்ணை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல பெயின்ட்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது.

அடுத்ததாகச் சங்கத் தலைவர் வந்து பார்த்தார். அவரும் என் கணவரும் இளம் வயதில் நாட்டின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையில் ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் அவருடைய பங்கையும் சேர்த்து வெட்டுவாராம். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். நானும் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். மனிதர் ஓவியத்தை ஒருமுறை பார்த்தார், கதவை ஒருமுறை பார்த்தார், பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தங்கச்சி, இதை இப்ப நகரசபைக்கு அறிவிச்சால் ஆராய்ச்சி எண்டு சொல்லி ரெண்டு மூண்டு வருசத்துக்கு வீட்டைப் பூட்டிப்போடுவினம். பிறகு எங்களுக்குத் திறக்கமாட்டினம். பிள்ளையளைக் கொண்டு நாங்கள் எங்கை போறது?"

அது வெறும் சாட்டு என்று சொல்ல என்னால் முடியவில்லை. என் இரண்டு பிள்ளைகளும் அந்த நிலவறையில் இருமி இருமித் தமிழ் படித்தவர்கள். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆண்டுவிழா முடியும்வரை சுவரைப் பிளாஸ்டிக்கால் மூடி வைப்பது. விழா முடிந்ததும் நான் விரும்பிய ஆளைக் கூட்டிவந்து காட்டலாம், அதற்குப் பிறகு வருவது வரட்டும். அண்ணை வாக்குக் கொடுத்தார். என் கணவர், "சுவருக்கு நான் பொறுப்பு" என்றார். உண்மையைச் சொன்னால், அண்ணையின் வாக்கை நான் பாதிதான் நம்பினேன். என் கணவருடையதை முழுதாக நம்பினேன்.

நான் அடுத்த நாளே அறிவித்திருக்க வேண்டும். அந்த வேலையில் இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தது என் பிழை. அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

கணவர் பிளாஸ்டிக்கை அழகாகக் கட்டினார், ஓரங்களில் காற்றுப் போக வழி விட்டு. ஒவ்வொரு சனியும் வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் நான் மேலே போய் ஒரு மூலையைத் தூக்கிப் பார்ப்பேன். அந்த மாறுகண்காரியை மச்சாள் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். "என்ன மச்சாள், உம்முடைய மனுசன் இன்னும் குடிச்சு முடிக்கேல்லையோ" என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவேன். வயதுபோன பைத்தியம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இந்த நாட்டில் நானாகக் கண்டுபிடித்த ஒரே பொருள் அவள்தான்.

வைகாசியில் விழா முடிந்தது. அருங்காட்சியகத்தில் பழைய சுவர்களைப் பேணுகிற ஒரு நோர்வேக்காரப் பெண் இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னோடுதான் இருப்பாள். அவளிடம் சொன்னேன். கடித்த பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அலுவலகத்துக்காக அல்ல, சும்மா பார்க்கத்தான், வீட்டைப் பூட்டாமல் வேலை செய்யவும் வழி இருக்கும் என்றாள். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அதை ஒன்றும் விடாமல் கணவரிடம் சொன்னேன். பூட்டாமல் செய்யலாமாம் என்பதை இரண்டு தரம் சொன்னேன். அவர் "நல்லது" என்றார், கறியை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை, விழா முடிந்த கையோடு வகுப்புகளுக்கு விடுமுறை. எனக்கு அருங்காட்சியகத்தில் முறை இருந்தது. அவர் விடியவே சாமான்களை வான் வண்டியில் ஏற்றினார், நகரின் மேற்கே ஒரு வீட்டில் அவசர வேலை என்றார். நான் புட்டும் சம்பலும் கட்டிக் கொடுத்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் நிலக்கீழ் ரயிலில் வந்து இறங்கினோம். வழி முழுக்க அந்தக் குதிரையின் நாய் முகத்தைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். சங்க வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் இருந்தது. படியேறும்போதே பெயின்ட் மணத்தது. யன்னல் சட்டங்களுக்கு அடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

வடக்குச் சுவர் முழுவதும் வெள்ளை. பிளாஸ்டிக்கை மடித்து மூலையில் வைத்திருந்தார்கள். நிலத்தில் ஒரு துளி சிந்தியிருக்கவில்லை.

அவள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தாள்.

"மேலே பூசியது மட்டும் என்றால் எடுத்திருக்கலாம்," என்றாள். "முதலில் மரம் தெரியும்வரை தேய்த்திருக்கிறார்கள். இது வேலை தெரிந்தவன் செய்த வேலை."

நான் சுவரும் கூரையும் சந்திக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பழைய வீடு, கூரைப் பலகைகள் வளைந்து தொங்கும். சாதாரணமாகப் பெயின்ட் அடிக்கிறவர்கள் அங்கே டேப் ஒட்டித்தான் அடிப்பார்கள், வளைவுகளில் பெயின்ட் டேப்புக்கு அடியால் கசிந்து பல்லுப் பல்லாய் நிற்கும். இங்கே டேப் ஒட்டவில்லை. ஒரே இழுப்பில், பலகை வளைந்த இடமெல்லாம் கூடவே வளைந்து, கசிவில்லாமல் ஓடியது கோடு. புருசெத்தில் எங்கள் வீட்டுப் படுக்கையறையில் படுத்திருந்தபடி இருபத்தாறு வருடமாக நான் பார்க்கிற கோடு அது. வெறும் கையால் அப்படி இழுக்கிற வேறு ஒருவரை எனக்குத் தெரியாது.

யார் செய்தது என்று தெரியுமா என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன். யோசிக்காமலே வந்துவிட்டது அந்தப் பொய். ஓவியம் இருப்பது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். மாசியிலிருந்து என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தான் நடந்து போவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அடுத்த வாரத்திலிருந்து சாப்பாட்டு அறையில் வேறு மேசையில் இருக்கத் தொடங்கினாள்.

வீட்டில் கணவர் பல்கனியில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. ஒளிக்க நினைக்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

எப்போது முடிவெடுத்தீர்கள் என்று கேட்டேன். வியாழக்கிழமையே, நான் படுக்கப் போனபின் அண்ணைக்குப் போன் எடுத்தாராம். வீட்டைப் பூட்டாமலும் செய்யலாமாம் என்று அண்ணையிடம் சொன்னாராம். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், பிறகு பூட்டுவார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சுவரை அழித்துவிடுவோம் என்றாராம் அண்ணை. சங்கத்தில் நான்கு பேர் வந்து உதவுவதாகச் சொன்னார்களாம். இவர்தான் வேண்டாம், தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாராம்.

"ஏன் நீங்கள் செய்தனீங்கள்? அவையள் செய்திருக்கலாமே. ஆரும் செய்திருக்கலாமே."

"அவங்களிட்டை விட்டால் பழுதாக்கிப்போடுவாங்கள்," என்றார்.

எதைப் பழுதாக்குவார்கள் என்று கேட்க நினைத்தேன். அழுகை வந்தது, அதை அவருக்குக் காட்ட நான் விரும்பவில்லை. பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே கார்களைப் பார்த்தேன். அவராகவே, அந்தப் பெண்ணைக் கடைசியாகத்தான் தேய்த்தேன், மனம் வரவில்லை என்றார். என்னைச் சமாதானம் செய்கிறாராம். மனம் வராமல் தேய்த்த மனிதனை நான் என்ன செய்வது?

பிறகு, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: "அந்த நோர்வேக்கார மனுசி என்ன சொன்னவ?"

"வேலை தெரிஞ்சவன் செய்த வேலை எண்டு சொன்னவ."

அவர் தூரிகையை உதறினார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார், ஆனால் நான் பார்த்துவிட்டேன். சுவரை அழித்ததை என்றைக்காவது ஒருநாள் மன்னித்துவிடுவேன் போலத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொள்ள ஒரு வழியாவது உண்டு. அந்தச் சிரிப்பை மன்னிக்க என்னால் இன்னும் முடியவில்லை.