எட்டு எண்கள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் ஏழாவது மாடியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. உள்ளே நானும் என் மனைவி சரோஜாவும் மட்டுமே. மருத்துவமனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அவளுக்குப் புற்றுநோய் என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். வெளியூரிலிருந்து மகன் வரும்வரை மறைத்துவைக்க முடிவு செய்து, வழியெல்லாம் வாயை இறுக்கிக்கொண்டு வந்தேன்.

என்னிடம் கண்ணாடி இல்லை. சுவரில் ஒட்டியிருந்த அவசரத் தொலைபேசி எண்ணை அவள்தான் படித்தாள். எட்டு எண்கள். மறந்துவிடக் கூடாதே என்று முணுமுணுத்தபடி சட்டைப்பையில் கைப்பேசியைத் தடவினேன்.

"டாக்டர் என்னாங்க சொன்னாரு?"

"கேன்சர்னு," என்றேன்.

எட்டு எண்களும் மறந்துபோயின. இறங்கி ஓடவும் வழியில்லை.

"இதத்தான் மறைச்சீங்களா? நல்ல ஆளு லா நீங்க." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். "ஒவ்வொண்ணா சொல்றேன், அழுத்துங்க."

எதையும் எண்ணிப் பழகிய என் மனம் எப்போதும் என் பிடியில் இருக்கும் என்று நம்பியிருந்தேன். எட்டு எண்களைச் சுமந்தபோது, ஒரு பொய்யைக் காக்க அதில் இடமில்லை. இப்போதெல்லாம் டாக்டர் அறைக்குள் இருவரும் சேர்ந்தே போகிறோம்.