லொறிக்காரனின் முகம்

இன்று காலை நானும் என் வீட்டுக்காரரும் கோயிலுக்குப் போனோம். கிரான் றோட்டில் எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் ஒரு பட்டாளத்து லொறி. ஒரே செம்புழுதி.

இவர் வேகத்தைக் கூட்டினார்.

"இஞ்சேருங்க, என்ன அவசரம்?"

"உன்ர வெள்ளச் சேல பாழாகுது புள்ள. முந்திப் போயிருவம்."

லொறியின் வலப்பக்கம் வந்துவிட்டோம். பின்னால் இருந்த நான் அதன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். சாரதியின் முகம் அதில் இல்லை. அவன் எனக்குத் தெரியாவிட்டால், நாங்களும் அவனுக்குத் தெரியமாட்டோமே!

"பின்னுக்கு எடுங்க! அவன் நம்மளக் காணல்ல!" என்று இவர் தோளை இறுக்கிப் பிடித்தேன்.

நாங்கள் பின்வாங்கியதும், குறுக்கே வந்த எருமைகளுக்கு விலகி லொறி வலப்பக்கம் வெட்டித் திரும்பியது. சற்றுமுன் நாங்கள் இருந்த இடத்தில் அதன் சக்கரம். பிள்ளையார் காப்பாற்றினார்.

இவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். லேஞ்சியை எடுத்து என் முகத்துப் புழுதியைத் துடைத்தார். நாலுபேர் போகும் றோட்டில்!

"சேலைக்காகவா இந்த ஓட்டம்?"

"ஆசையா உடுத்தாய், அதான்."

கோயிலில் ஐயர், "என்ன புள்ள, குங்குமத்துல குளிச்சா வாறாய்?" என்றார்.

இனி லொறிக்காரன் முகம் கண்ணாடியில் தெரியும்வரை பின்னால்தான் போவோம். சேலை தோய்க்கச் சவுக்காரம் கொஞ்சம் கூடச் செலவாகும், ஆகட்டும்.

உங்கள் வீட்டுக்காரர்கள் பின்னாலிருந்து சொன்னால் கேட்பார்களா?