மூன்றாவது பல் செட்

பட்டறையில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் வைத்தியர்கள் நோயாளியின் ஈறை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் மெழுகைப் படியவைத்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ரோஸ் நிறத்தில் ஈறு வார்த்து, பளபளவென்று தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குச் சோறு போட்டது அடுத்தவர் பல்தான். ஊரில் பாதிப் பேர் என் தயவில்தான் சிரிக்கிறார்கள் என்று பீற்றிக்கொள்வாள். அது உண்மையும்கூட.

அண்ணனுக்கும் அவள்தான் பல் செய்தாள். அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். அந்த வாய்க்குப் பூட்டுப் போட ஆள் பிறக்கவில்லை. படியில் தொங்குகிறவனுக்கு ஒரு கேலி, சில்லறை இல்லாதவனுக்கு ஒரு கேலி என்று பஸ்ஸையே சிரிக்கவைத்துக்கொண்டு போவார். வயதாகிப் பல்லெல்லாம் விழுந்ததும் மனிதர் அப்படியே ஒடுங்கிப்போனார். பல்லில்லாமல் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டேன் என்று கைக்குட்டையால் வாயை மூடியபடியே திரிந்தார். செட் வந்த அன்றைக்குத்தான் வீட்டுக்குச் சத்தம் திரும்பியது.

அண்ணி இறந்த பிறகு அவர் மகனோடு இருந்தார். கல்யாணம் ஆகாத ஒற்றைப் பிள்ளை. பல்லக்காவுக்குக் குழந்தை இல்லை என்பதால் அவனை வளர்த்ததில் பாதி அவள்தான். தூக்கி வளர்த்த பிள்ளையை நாக்கு மேல் பல்லைப் போட்டு யாரும் குறை சொல்ல அவள் விட்டதில்லை. தானும் சொன்னதில்லை. வினையே அதில்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணன் பேச்சு கொழகொழவென்று வந்தது. வாயில் பல் இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மகன் போனை வாங்கி, அப்பாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது, பல்லை எங்கேயோ தொலைத்துவிட்டார் என்றான். பழைய அச்சு பட்டறை அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதிலேயே இரண்டாவது செட் செய்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அண்ணன் போட்டுக்கொண்டார். ஆனால் பேச்சு வரவில்லை. மகன் அறையை விட்டு அந்தண்டை இந்தண்டை நகரவில்லை. அவள் கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ரெண்டு நாளு இருந்துட்டுப் போயேன்."

வேலை குவிந்து கிடக்கிறது, அடுத்த மாதம் வருகிறேன் என்று கையை விடுவித்துக்கொண்டாள். அப்போது அவர் மணிக்கட்டில் கன்றிப்போன தடம் தெரிந்தது. கதவில் இடித்துக்கொண்டார் என்றான் மகன். அவள் தலையாட்டினாள். நம்பினாள் என்று சொல்லமுடியாது. நம்பிவிட்டால் நிம்மதியாக ஊர் போய்ச் சேரலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது செட்டும் தொலைந்தது என்று போன் வந்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாள். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. மகன் கடைக்குப் போயிருந்தான். தாழை நீக்கி உள்ளே போனால், கட்டிலில் அண்ணன் பாதியாகிக் கிடந்தார். பக்கத்தில் பாலில் ஊறி நொந்துபோன ரொட்டி. தண்ணீர் கொடுக்க டம்ளர் தேடியபோது சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா கண்ணில் பட்டது. திறந்தாள். உள்ளே இரண்டு செட்டும் இருந்தன, அவள் கையால் தேய்த்த பளபளப்போடு.

திரும்பிவந்த மகன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பல்லு இருந்தா எதிர்வீட்டுல போய் என்னைப் பத்தி வத்தி வைக்கிறாரு, அத்தை. ஒழுங்கா இருந்தா நானே குடுப்பேன்."

அவள் கத்தினாள், அழுதாள், கெஞ்சினாள். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று வாக்கு வாங்கினாள். பல்லை அண்ணன் வாயில் பொருத்திவிட்டு, குடும்ப விஷயம் குடும்பத்தோடு முடிந்தது என்று வீடு திரும்பினாள். புத்தி கெட்டவள்.

அதன் பிறகு போன் எடுக்கப்படவில்லை. எதிர்வீட்டு அம்மாதான் நம்பர் தேடிப் பிடித்துச் சொன்னார்: சாயங்காலமானால் அடிக்கிற சத்தம் கேட்கிறது, பெரியவர் வெளியே தலைகாட்டுவதே இல்லை. பல்லக்கா உடனே போனைக் கையில் எடுத்தாள். முதியோர் உதவி எண்ணைச் சுழற்றிவிட்டு, எடுத்ததும் முதலில் சொன்னது, என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பதுதான்.

"ஆதாரம் தேடுறது எங்க வேலைம்மா," என்றது மறுமுனைப் பெண் குரல். "சந்தேகம் இருந்தாலே சொல்லலாம். நீங்க பார்த்தது, அவர் வாயால சொன்னது, அதை மட்டும் அப்படியே சொல்லுங்க."

விலாசம், அவர் உடல்நிலை, வீட்டில் யார் யார், தடத்தை எப்போது பார்த்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள் அந்தப் பெண். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் போலீசுக்குப் போன் செய்யச் சொன்னாள். புகார் கொடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியவராது என்றாள். கடைசியில், இனிமேல் அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள், அந்தக் கோபமெல்லாம் பெரியவர் தலையில்தான் விடியும் என்றாள். பல்லக்காதான் ஏற்கெனவே அவனிடம் கத்திவிட்டு வந்திருந்தாளே. விடிந்தே போயிருந்தது.

உதவி மையம் அனுப்பிய அலுவலர் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெரியவர் பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார், பையன் மரியாதையாகப் பேசினான் என்றார். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் அவர் எப்படிச் சொல்வார் என்று பல்லக்கா வெடித்தாள். தனியாகக் கேளுங்கள், வாயில் பல்லை வைத்துவிட்டுக் கேளுங்கள், நானும் வருகிறேன், என் பெயர் அவனுக்குத் தெரிந்தால் தெரியட்டும். இப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்றார் அந்த அம்மா. பழைய இரண்டையும் அவன் மறுபடி பிடுங்கி வைத்திருப்பான் என்று, மூன்றாவது செட்டை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தாள்.

இந்த முறை ஒரு போலீஸ்காரர் மகனை வாசலில் நிறுத்திவைத்தார். அறையில் அண்ணன், அலுவலர், அவள். செட்டைப் போட்டுவிட்டாள். அது நிற்கவில்லை. வழுக்கி அவர் மடியில் விழுந்தது. அச்சு அதேதான், ஒரு மயிரிழை பிசகாத வேலை. வாய்தான் மாறியிருந்தது. மனிதர் இளைத்ததில் ஈறும் வற்றி ஒடுங்கியிருந்தது. எத்தனை நாள் பட்டினி போட்டால் இப்படி ஆகும் என்று நினைத்ததும் அவளுக்கு ஓவென்று அழுகை வந்தது.

அண்ணன் செட்டை எடுத்தார். வாயில் வைத்து, கட்டைவிரலால் அண்ணத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பூட்டியது, பட்டினி போட்டது, பெல்ட், எல்லாம் சொன்னார். அலுவலர் அம்மா ஒரு சொல் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வண்டிக்குப் போன் செய்ய எழுந்து போனார்.

பல்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயப்படாதே, ஆஸ்பத்திரியில் வைத்தே புதிதாக அச்செடுத்து நல்ல செட்டாகச் செய்து தருகிறேன் என்றாள். அண்ணன் விரலை எடுக்காமல் அவளையே பார்த்தார்.

"நான் உன்கிட்ட பல்லா கேட்டேன்? ரெண்டு நாளு இருந்துட்டுப் போன்னுதானே கேட்டேன்."