விட்டுட்டேன் சாமி

போன ஞாயிற்றுக்கிழமை கோச்சடையில் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் திருமுழுக்கு, ஞானஸ்நானம் என்பார்களே, அது. விருந்தில் யாரோ அந்தக் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். உச்சந்தலையில் சாமியார் பூசிய தைலத்தின் வாசம் குப்பென்று ஏறியது. நீங்களும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள், அப்புறம் என்னைக் கேலி செய்யலாம். இலையில் ஆறிய பிரியாணியை மறந்து ஒன்பது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

அப்போது எங்கள் மகள் பிறந்து நாற்பது நாள். திருமுழுக்கு என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "தண்ணி ஊத்துனா அழுவாளோ?" என்று மனைவி தனத்தை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கோ வேறு கவலை. தனம் திருமங்கலத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். வேதக்காரன், அதாவது கிறிஸ்தவனான என்னைக் கட்டிக்கொண்டதால் அவளுடைய அண்ணன் ராசு மூன்று வருஷமாக அவளோடு பேசவில்லை. "தாய்மாமன் இல்லாமயா எம்புள்ளைக்கு?" என்று அவளே போன் போட்டாள். அந்தப் பக்கம் "ம்" என்ற சத்தம் மட்டும் வந்ததாம். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாரம் ஆராய்ந்தோம்.

வந்தேவிட்டார்! நாங்கள் கோயிலில் திருமுழுக்குத் தொட்டியருகே நிற்கிறோம், வெள்ளை வேட்டியில் மச்சான். கையில் தாம்பாளம், அதில் பட்டுப்பாவாடை, பழம், கொலுசு. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தாம்பாளத்தை ஓரமாக வைத்தார், தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், மடியை விரித்துக் கையை நீட்டினார். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடிதானே. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

ஞானத்தகப்பனாக நின்ற என் நண்பன் என்னைப் பார்த்தான். நான் சாமியாரைப் பார்த்தேன். எங்கள் முறையில் பிள்ளையைப் பெற்றவர்கள் ஏந்துவார்கள், ஞானப்பெற்றோர் பக்கத்தில் நிற்பார்கள். எழுந்திருக்கச் சொன்னால் மச்சான் நேராகப் பஸ் ஏறிவிடுவார், பிறகு ஆயுசுக்கும் வரமாட்டார். தனத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. வயதான சாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மடியிலயே இருக்கட்டும், நான் குனிஞ்சுக்கிறேன்" என்றார். அவருக்கு முட்டிவலி வேறு.

"சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?" என்று சடங்கின் கேள்வி வந்தது. "விட்டுவிடுகிறோம்" என்று நாங்கள் சொல்லி முடிக்கவும், கீழேயிருந்து கணீரென்று ஒரு குரல்: "விட்டுட்டேன் சாமி!"

கோயிலே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. தங்கச்சியை நிமிர்ந்து பார்த்து, "எல்லாத்தையும் விட்டுட்டேன் ஆத்தா" என்றார். தனம் ஓவென்று அழுதாள். தலையில் ஊற்றிய தண்ணீர் பாதி மச்சான் வேட்டியில் ஓடியது. மகள் மட்டும் அழவே இல்லை.

திருமுழுக்கு என்றால் புதிதாகப் பிறப்பது என்று சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்து பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதெல்லாம் முதல் நாளே ஒத்திகை, யார் எங்கே நிற்பது என்று அச்சடித்த தாள். தரையில் உட்கார யாருக்கும் வழியில்லை. ராசு மச்சானும் போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டார்.

மகளுக்கு அடுத்த மாதம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். அதற்காகக் கோயிலில் அவளுடைய திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கி வந்தேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தவள், "மாமா பேரு எங்கப்பா?" என்றாள்.

"அதுல எழுத எடமில்லடா."

தாளைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி பூராம் காலியாத்தான இருக்கு?" என்று பேனா தேடிப் போனாள்.