கிதேக் படகில் இடமில்லை

ஹக்தோ தீவின் தெற்கு முனையில் இருக்கும் ஐவர் பாறைக்கு முன்பு கொக்குப் பாறை என்றுதான் பெயர். பெயர் மாறியதற்குக் காரணம் மா மல்ரே என்ற பெண். முப்பது வருடம் அவள் பக்கத்தில் குனிந்து கடற்பாசி பறித்தவள் நான்.

மல்ரேக்கு இருபத்து மூன்று வயதானபோது, இலையுதிர்காலப் புயல் ஒன்றில் அவள் புருஷனும் இன்னும் நாலு பேரும் போன படகு உடைந்தது. ஐந்து பேரும் அந்தப் பாறையைத் தொற்றிக்கொண்டார்கள். கரையிலிருந்து பார்த்தால் யார் யார் என்று தெரியும். தீவில் இயந்திரப் படகு வைத்திருந்தவர் பியோ கிதேக் ஒருவர்தான். மல்ரே அவர் காலைப் பிடித்துக் கெஞ்சினாள். காற்று அடங்கட்டும் என்றார். மதியம் சற்று அடங்கியதும் அவர் படகு கிளம்பியது. பாறைக்கு அல்ல, அறுத்துக்கொண்டு போன தன் வலைகளைத் தேடி. வலைகளோடு அவர் திரும்பியபோது பாறையில் ஒருவரும் இல்லை.

கடல்தாய் கோயில் பூசையும் அவர் கையில்தான் இருந்தது. அடுத்த முழுநிலவுப் பூசையில், பிள்ளையுண்டான மல்ரே தீட்டோடு கோயில் படியேறியதால் கடல்தாய் ஐந்து உயிரைக் கேட்டு வாங்கிவிட்டாள் என்றார். ஊர் நம்பியது. செத்தவர்களின் பெண்டாட்டிகளே அவள் வாசலில் மீன்கழிவைக் கொட்டினார்கள். என் அம்மாவும் கொட்டினாள். மகள் ஒக்பூன் பிறந்தபோது மருத்துவச்சி எட்டிப் பார்க்கவில்லை.

தாய்வீட்டுக்குப் போய்விடும்படி பலரும் சொன்னார்கள். "நான் போயிட்டா அவரு சொன்னதுதான் கதையா நிக்கும்" என்று இருந்துவிட்டாள்.

பாசி பறிக்கும்போது ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து பாடுவோம். புயல் நடந்து பத்தொன்பது வருடம் கழித்து, ஒரு குளிர்காலத்தில் மல்ரே புதிதாக ஓரடி எடுத்தாள்:

"வலை எல்லாம் வந்திருச்சு, ஆளு அஞ்சும் வரலையே,
பியோ கிதேக்கு படகுல எடமில்லையே."

யாரும் சேரவில்லை. தனியாகவே பாடினாள். எட்டாம் நாள், அந்த ஐவரில் ஒருவரின் விதவை குரல் கொடுத்தாள். புயலன்று கரையில் வலைகள் சொட்டச் சொட்டக் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். பிறகு எல்லாரும் சேர்ந்தோம். பாட்டோடு பாறைக்கும் ஐவர் பாறை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மறுவருடம் பியோவின் பேத்தியே கயிறு தாண்டிக்கொண்டு முற்றத்தில் அதைப் பாடினாள்.

அவர் ஒரு கட்டுக் கருவாட்டோடு மல்ரே வீட்டுக்கு வந்தார்.

"ஒக்பூன் அம்மா, எனக்கும் வயசாயிருச்சு. பாட்டு இருந்துட்டுப் போகட்டும். பேரை மட்டும் எடுத்துடு."

"எடுத்துடறேன். பூசையன்னிக்கு ஊர் முன்னால நின்னு, வலை எடுக்கத்தான் போனேன்னு சொல்லுங்க."

"அப்புறம் நான் ஊருல தலைகாட்ட முடியுமா?"

"நான் காட்டலையா, இருபது வருஷமா?"

பூசையன்று அவர் அதைச் சொல்லவில்லை. அந்த வருடம் அவர் நடத்தும் பூசைக்கு யாரும் படையல் அரிசி கொடுக்கவில்லை. பூசை கைமாறியது. மகன்கள் படகை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனார்கள்.

நகரத்திலிருந்து வந்த மகன்கள் அவர் பிணத்தைப் பாடையில் வைத்துக் கரையோரமாகத் தூக்கிப் போன அன்று நாங்கள் பாசிப் பாறையில் இருந்தோம். மல்ரே அந்த அடியை எடுத்தாள்.

"செத்தவரு காதுல விழாதுக்கா, விட்டுடு" என்றேன்.

"மகனுங்க காதுல விழும்ல."

பாடினோம். அவள் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.