உப்புக்குக் கதவு

எங்கள் ஊர்க் கிணற்றில் உச்சி வெயிலிலும் தண்ணீர் குளிரும். இங்கே அடையாற்றில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் பதினொரு மணிக்கே கையைச் சுடுகிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களுக்கும், என்னைப்போலக் கடல் கடந்து வந்து மாடி அறையில் அடைபட்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புத்தான். பிழை இருந்தால் இருக்கட்டும்.

கீழ்வீட்டுக் கஸ்தூரி கேட்பாள், "இன்னா பெரியம்மா, எப்பப் பாரு உள்ளாரவே குந்திக்கினு கீற? பீச்சாண்ட போய்ட்டு வாயேன்." பொலிஸ் அடையாள அட்டை கேட்டு மறித்தால் என்ன காட்டுவேன்? அதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்த? "வெயில், பிள்ளை" என்றேன். "நீ இன்னா ஐஸ்கட்டியா, உருகிப் பூட?" என்று சிரித்தாள்.

மகள் வதனி கிண்டிப் பக்கம் ஆராய்ச்சி செய்தாள். சவ்வு ஒன்று, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளைச் சுவரில் ஒருவிதப் பசை. சூட்டில் பசை சுருங்கி உப்புக்கு வழி விடும். குளிரில் ஊதி அடைத்துவிடும். இது சரிவந்தால் அவளுக்கு ஜெர்மனியில் இடம். ஆய்வுக்கூடத்தில் கரண்ட் நின்று நின்று போனதால் ஒரு சனிக்கிழமை கண்ணாடிப் பாத்திரத்தை வீட்டுக்கே கொண்டு வந்தாள். சவ்வுக்கு ஒரு பக்கம் உப்புத் தண்ணீர், மறுபக்கம் சுத்தத் தண்ணீர், அதில் உப்பைக் காட்டும் மீட்டர். பாத்திரம் நின்ற சட்டியில் மண்பானைத் தண்ணீரை மாற்றி மாற்றிக் குளிர வைத்திருப்பது என் வேலை.

அவள் குளிக்கப் போனாள். சுத்தத் தண்ணீர் கொஞ்சம் வற்றியிருந்தது. குறைந்ததைக் குறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. பானையிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினேன். இந்த ஊர்த் தண்ணீரிலேயே உப்பு. மீட்டர் முள் ஏறிவிட்டது.

"துளை பூட்டேல்லை அம்மா. குளிரிலயும் உப்புப் போகுது. ஒரு வருச வேலை" என்றாள் வந்து பார்த்தவள். சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. பாதி வெட்கம். மற்றப் பாதி, இது சரிவராவிட்டால் பிள்ளை என்னோடேயே இருப்பாள் என்ற எண்ணம். ஞாயிறு முழுக்க அப்படியே இருந்தேன். திங்கள் காலை, தோற்றுப்போனதென்று பேராசிரியருக்குச் சொல்ல அவள் செருப்பைப் போட்டபோதுதான், "நான்தான் பானைத் தண்ணி விட்டனான்" என்றேன்.

"ஏனம்மா ரெண்டு நாளாச் சொல்லேல்லை?"

"நீ போயிடுவாய்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி மறுபடி வைத்தாள். இந்த முறை முள் அசையவில்லை.

மாசியில் போனாள். எனக்கு விசா இல்லை. ஊருக்கும் கப்பல் இல்லை. ஜெர்மனிக்கு வரும்போது போட என்று கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு விடிகிற நேரம் இங்கே உச்சி வெயில். அந்த நேரம் அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் இருக்கிறேன். வேர்த்துக் கொட்டுகிறது. கழற்ற மனமில்லை.