நெஸ்டரின் மூக்கு

பாலைவன ஊரான யூமாவில் ஜூலை மாதம் கார் ஏசி நின்றுபோனால் மனிதன் பாதி செத்த மாதிரிதான். அப்போது எல்லோருக்கும் நினைவு வருகிறவர் நெஸ்டர் அர்விசு. இர்மாவின் கார் பட்டறையில் ஏசி வேலை முழுக்க அவருடையது. பானட்டைத் திறந்து, குனிந்து, ஒரே மூச்சு இழுப்பார். "கம்ப்ரசர் ஆயில் கருகிடுச்சு" என்பார். பிரித்தால் அப்படியே இருக்கும். மூக்காலேயே பேர் வாங்கிய மனுஷன்!

அந்த மூக்கு போய் இரண்டு வருடமாகிறது. ஒரு காய்ச்சல் வந்து வாசனையை அடியோடு துடைத்துக்கொண்டு போய்விட்டது. வெளியே சொன்னால் இந்த வயதில் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. அதனால் வழக்கம்போலக் குனிவார், மூச்சிழுப்பார், கண்ணால் கண்டதை மூக்கால் கண்டதாகச் சொல்வார். பாவம், வேறு என்னதான் செய்வார்?

அன்று தர்பூசணி வியாபாரி வென்ச்சோ தன் பிக்கப்பைக் கொண்டுவந்தான்.

"அண்ணே, கேஸ் நானே ரொப்பிட்டேன். இப்ப கம்ப்ரசர் கத்துது. மாத்திக் குடுங்க."

"என்ன கேஸ்டா ரொப்பின?"

"எல்லாரும் போடுறதுதான்" என்றவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணன் மூக்குகிட்ட பொய் சொல்லாத, மாட்டிக்குவ" என்று சிரித்தாள் இர்மா.

நெஸ்டர் குனிந்தார். "சுத்தமான கேஸ்தான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷினைப் பக்கத்தில் இழுத்தார். அப்போதுதான் கம்ப்ரசரின் மூட்டில் எண்ணெய் ஈரம் தெரிந்தது. கசிகிறது. என்ன கசிகிறது? அவருக்குத் தெரியாது. பக்கத்து வண்டியில் துருப்பிடித்த போல்ட்டைச் சுடவைக்க பட்டறைப் பையன் டாச்சோ நெருப்பு டார்ச்சைக் கையில் எடுத்திருந்தான்.

"டாச்சோ! பத்த வைக்காத!"

"ஏண்ணே? சுத்தமான கேஸ்னு சொன்னீங்களே?"

நெஸ்டர் நிமிர்ந்தார். "எனக்குத் தெரியாதுடா. மூக்கு செத்து ரெண்டு வருஷமாச்சு. நீ வந்து மோந்து பாரு."

டாச்சோ கிட்டே வந்து முகத்தைச் சுளித்தான். "ஐயையோ! இது கறி சுடுற அடுப்புக்குப் போடுற சிலிண்டர் கேஸ்ணே!"

"என் மச்சான்தான் சொன்னான், இதுவும் நல்லா குளிரும்னு..." வென்ச்சோ இழுத்தான்.

"உன் மச்சான இங்க கூட்டிட்டு வா, அவன் வாயில ரொப்புறேன்!" என்று கத்தினாள் இர்மா.

வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் நால்வருமாக வெட்டவெளிக்குத் தள்ளினார்கள். அந்த மாதிரிக் கேஸை எடுக்கத் தெரிந்த ஆட்களுக்கு இர்மா போன் போட்டாள். வைத்ததும் நெஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருஷம்! நீங்க சரின்னு சொன்ன வண்டி பக்கத்துல எத்தன தடவ நெருப்பு மூட்டியிருப்போம்?"

"வேலைய விட்டு அனுப்பிடுவீங்களோன்னு பயந்துட்டேம்மா."

"அனுப்பத்தான் தோணுது" என்றாள். "இன்னைக்கு நீங்க வாயத் தொறக்கலன்னா அனுப்ப நானும் இருந்திருக்க மாட்டேன், போக நீங்களும் இருந்திருக்க மாட்டீங்க. என்ன கேஸ்னு காட்டுற மெஷின் வாங்கித் தரேன். அதுல பாக்காம இனி ஒரு ஸ்பேனரத் தொடக்கூடாது."

வாசலில் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. "நெஸ்டர் அண்ணே, வந்து மோந்து சொல்லுங்க!"

நெஸ்டர் இர்மாவைப் பார்த்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"மூக்கு போயிடுச்சுப்பா. மெஷின் வரட்டும், நாளைக்கு வா."